சாம்பல் கோழிக்கு ‘நீலம்’ என்று எழுதலாமா?

கேள்வி: ஏழு மாத ஆர்பிங்டன் இனப் பெட்டையை முதல்முறையாகக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன். குஞ்சாக விற்றவர் ‘அரிய வெள்ளி நீலம்’ என்றார். எனக்கு வெறும் சாம்பலாகத்தான் தெரிகிறது. விண்ணப்பத்தில் நிறம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

பதில்: ‘வெள்ளி நீலம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது விற்பதற்காகச் சூட்டிய பெயர். ‘அரிய’ என்று ஒருவர் தொடங்கினாலே நான் பணப்பையை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

உங்கள் பெட்டை நீலமா, லாவெண்டரா என்பதுதான் கேள்வி. கோழி வளர்ப்பில் இரண்டுமே சாம்பல் நிற வகைகளின் பெயர்கள். வெயில் நேரே விழாத பகல் வெளிச்சத்தில் மடியில் வைத்து, மார்பு இறகு ஒன்றை விரலால் நிமிர்த்திப் பாருங்கள். பிடுங்க வேண்டாம். சிலேட்டு நிறத்தைச் சுற்றி, பென்சிலால் வரைந்தாற்போல் அடர்ந்த விளிம்பு ஓடினால் நீலம். கழுத்தும் உடலைவிடக் கறுத்திருக்கும். தலை முதல் வால் வரை ஒரே வெளிர் சாம்பல், விளிம்பே இல்லை என்றால் லாவெண்டர். அதில் சிலவற்றுக்கு வால் இறகு நைந்த துணிபோல் பிரிந்திருக்கும்.

இதில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. விளிம்பு சரியாக விழாத மட்டமான நீலமும் பார்வைக்கு லாவெண்டர்போலவே இருக்கும். வெயிலில் வெளுத்த பழைய இறகு இன்னும் ஏமாற்றும். அதனால் புதிதாக முளைத்த இறகையும், சிறகை விரித்து வெயில் படாத பகுதியையும் பாருங்கள். அப்போதும் தெளியவில்லையா? கூடப் பிறந்தவற்றைப் பற்றி விசாரியுங்கள். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாகக் குஞ்சுகளில் பாதி நீலம், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெள்ளையில் நீலத் திட்டுகள். லாவெண்டரோடு லாவெண்டர் சேர்ந்தால் அத்தனையும் லாவெண்டர். ஒரே ஈட்டில் கறுப்பும் திட்டும் கலந்திருந்தால் உங்களுடையது பெரும்பாலும் நீலம்தான். ‘நீல ஜோடி, எல்லாக் குஞ்சும் நீலம்’ என்று விற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். குஞ்சின் புகைப்படத்தைக் காட்டி நிறத்துக்கு உறுதி தருபவரிடமும் வாங்காதீர்கள். குஞ்சுத் தூவி உதிர்ந்து பெரிய இறகு வந்த பிறகுதான் நிறம் நிலைக்கும்.

நீலம் என்று உறுதியானால் ‘நீலம்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஏற்கப்பட்ட நிறங்களைப் பட்டியலிடும் அமெரிக்கத் தர நூலில் நீல ஆர்பிங்டன் 1923இலேயே ஏறிவிட்டது. லாவெண்டர் என்றால் கொஞ்சம் தலைவலி. அதே அமெரிக்க நூல் லாவெண்டரை ‘செல்ஃப் ப்ளூ’, அதாவது உடல் முழுதும் ஒரே நீலம், என்கிறது. பிரிட்டனிலோ அதற்கு லாவெண்டர் என்றே பெயர். இரண்டுக்கும் ‘நீலம்’ என்ற ஒரே சொல்லை ஒட்டிவிட்டு, தவறான கூண்டில் நின்றால் குற்றம் வளர்த்தவருடையதாம்! நுழைவுப் படிவத்தில் எந்த நூலைப் பின்பற்றுகிறோம் என்று ஒரு வரி அச்சிட எத்தனை ஆண்டு கேட்டாலும் நடப்பதில்லை. ஆகவே அமைப்பாளரிடம் நீங்களே கேளுங்கள், லாவெண்டர் ஆர்பிங்டனுக்குத் தனிப் பிரிவு உண்டா என்பதையும் சேர்த்து. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படிவத்தை நிரப்புமுன் கோழியைத் திருப்பி உள்ளங்காலையும் பாருங்கள். ஆர்பிங்டனுக்கு அங்கே வெள்ளைத்தோல் இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் நிறத்தைப் பற்றிய கேள்வியே எழாது. இனத்திலேயே கலப்பு என்று நடுவர் ஒதுக்கிவிடுவார்.