ஏரி மீன் சாப்பிட்டேன், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்தா?

முடி உதிர்வு, பல்லில் அடைத்த வெள்ளி, குளித்த தண்ணீர், தோட்டத்துக் கேரட் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாத பயம் ஒன்றுதான். கணவர் கொடைக்கானல் ஏரியில் தூண்டில் போட்டுக் கொண்டுவந்த கெண்டையை வாரம் ஒருநாள் இரண்டு துண்டு சாப்பிட்டுவந்தீர்கள். தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த ஏரி அது. வயிற்றில் வளரும் ஐந்து மாதப் பிள்ளைக்கு அதனால் ஏதும் ஆகிவிடுமா?

அந்த அளவுக்குப் பெரிய பாதிப்பு வரும் வாய்ப்பு குறைவு. வீடியோவில் நீங்கள் பார்த்த ஜப்பானின் மினமாட்டா ஊர்க் குழந்தைகளின் தாய்மார், ஆலையின் பாதரசக் கழிவு கொட்டிய விரிகுடாவின் மீனை அன்றாட உணவாகச் சாப்பிட்டவர்கள். உங்கள் கதை அதுவல்ல. இரண்டு மாதமாக ஏரி மீனைத் தொடவில்லை என்கிறீர்கள், நல்லது. மீன் வழியாக உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசம் (மீனில் சேரும் பாதரச வடிவம்) சுமார் ஐம்பது நாளில் பாதியாகக் குறையும்.

ஆனாலும் ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று அனுப்பிவிட மாட்டேன். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டும். தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் கூடுதலாகவே சேரும். மினமாட்டாவில் பல தாய்மாருக்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகள்தான் பாதிக்கப்பட்டார்கள். அதனால் ரத்தத்தில் பாதரச அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழு ரத்தத்தில் பார்க்க வேண்டும். மீன் வழியாக வந்த பாதரசத்தைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக்கொடுக்காது.

இனி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன்: ‘ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகின்றன.’ எந்த விரல்கள்? பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்து, சுண்டுவிரல் நன்றாக இருந்து, கையை உதறினால் சரியாகிறதென்றால், அது கர்ப்பத்தில் மணிக்கட்டு வீங்கி நரம்பை அழுத்துவதால் வருவது. பல கர்ப்பிணிகளுக்கு உண்டு. இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூங்கினால் போதும்.

பாதரசத்தின் மரமரப்பு வேறு மாதிரி இருக்கும். இரண்டு கைகளிலும், கால் விரல்களிலும், முக்கியமாக உதட்டைச் சுற்றியும் நாக்கு நுனியிலும் வரும். பகல் இரவு பார்க்காது, உதறினாலும் போகாது. கூடவே நடை தள்ளாடும், ஜாக்கெட் கொக்கி போட வராது, பக்கவாட்டில் இருப்பது தெரியாமல் கதவு நிலையில் இடித்துக்கொள்வீர்கள். உதட்டு மரமரப்போடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ரத்த முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மலையிறங்கி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். ஏரி மீன் சாப்பிட்டதை நீங்களாகவே சொல்லுங்கள். மருத்துவர்களான எங்களில் பலருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

மற்றவை சுருக்கமாக. முடி உதிர்வுக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். பல் அடைப்பைத் தொடாதீர்கள், கர்ப்பத்தில் அதைத் தோண்டி எடுப்பதுதான் தவறு. கேரட்டை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். குளித்ததால் எதுவும் ஆகாது. 2006-ல் வெளியான ஆய்வில் கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. பக்கத்திலுள்ள பேரிஜம் ஏரியைவிட இது மிக அதிகம், ஆனால் குடிநீருக்கான இந்திய வரம்பு 1000 நானோகிராம். ஆபத்து தண்ணீரைவிடச் சேற்றில்தான். தெர்மாமீட்டர் ஆலை 2001-லேயே மூடப்பட்டாலும் அடியில் படிந்த பாதரசம் அங்கேயே கிடக்கிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்க, புழு பூச்சி வழியாக மீனுக்கு ஏறுகிறது. அது சதையிலேயே ஒட்டியிருப்பதால் மஞ்சள் போட்டு அலசினாலும் பொரித்தாலும் போகாது. கணவருக்கு தூண்டில் ஆசை விடவில்லையென்றால் பிடித்ததை ஏரியிலேயே விடச் சொல்லுங்கள்.

இணையத்தில் வரவழைத்துக் குடிக்கும் அந்த ‘டீடாக்ஸ்’ பொடியை இன்றே நிறுத்துங்கள். என்ன சேர்த்தது என்று டப்பாவிலேயே போடாத ஒன்றை வயிற்றில் பிள்ளையோடு எப்படிக் குடிக்க மனம் வந்தது? இம்மாதிரிப் பொடிகள் சிலவற்றிலேயே ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. கொத்தமல்லிச் சாறு ரசத்துக்கு ருசி சேர்க்கும், பாதரசத்தை வெளியேற்றாது. உலோகத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவற்றில் பெனிசிலமைன் கருவையே கெடுக்கக்கூடியது. மருத்துவமனைக்கு வெளியே யாரும் அவற்றைத் தொடக்கூடாது.

பயந்துபோய் மீனையே விட்டுவிடாதீர்கள், பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு மீன் நல்லது. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சின்னக் கடல்மீன்களை வாரம் இரண்டு முறை சாப்பிடுங்கள். சுறா, மயில்மீன், பெரிய சூரை வேண்டாம். பிரசவம் ஆனதும் பால் ஊற வேண்டுமென்று வீட்டில் சுறாப்புட்டு கிண்டுவார்கள். பெரியவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள், இந்த முறை நெத்திலிக் குழம்பு போதும் என்று.