கொடுத்ததை எண்ணுவதா, மாறியதை எண்ணுவதா? காயத் தடுப்புக் கூட்டமைப்பு பற்றிய கேள்வி பதில்

ஊர்மக்கள், மருத்துவமனை, பள்ளி, காவல்துறை, தீயணைப்புத் துறை எல்லாம் சேர்ந்து விபத்துக் காயங்களைக் குறைக்கக் கூட்டமைப்பு நடத்துகிறார்கள். அது முன்னேறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு வருடத்தில் 14 கூட்டம், 6 முகாம், 2,000 துண்டறிக்கை முடித்துவிட்டோம். இதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் ‘செய்த வேலை’ என்று எழுதுங்கள். முன்னேற்றம் வேறு. லண்டனில் ஏழ்மையான பகுதிகளில் சுமார் 20,000 புகை அலாரங்களை (புகை வந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி) இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது பல வீடுகளில் அலாரத்தை மாட்டவே இல்லை, அல்லது பராமரிக்கவில்லை. தீக்காயங்களும் குறையவில்லை. கொடுத்த எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால் அது பெரிய வெற்றியாகவே அறிக்கையில் ஏறியிருக்கும். 1990இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரிலும் அலாரம்தான் கொடுத்தார்கள். வீட்டுத் தீயால் காயங்கள் மிக அதிகமாக நடந்த பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அங்கே காயங்கள் 80 சதவீதம் குறைந்தன. நகரின் மற்ற பகுதிகளில் குறையவில்லை. அதனால் உங்கள் 14 கூட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: கொடுத்த பொருளில் எத்தனை இன்று மாட்டப்பட்டு வேலை செய்கின்றன?

கேள்வி: ஹெல்மெட் போடுகிறீர்களா என்று மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்தோம். பத்தில் ஒன்பது பேர் ‘ஆமாம்’ என்கிறார்கள். நம்பலாமா?

நம்ப வேண்டாம். கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வது மனித இயல்பு. போய் நின்று பாருங்கள். நான் ஒருமுறை பள்ளி வாசலில் காலையில் முக்கால் மணி நேரம் சிலேட்டும் சாக்பீஸுமாக நின்றேன். ஹெல்மெட் இருந்தது உண்மைதான். பாதி ஹேண்டில்பாரில் தொங்கியது. தலையில் இருந்தவற்றிலும் சில பிள்ளைகளுக்குத் தாடை வார் மாட்டாமல் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ‘வார் மாட்டியது’, ‘மாட்டாதது’, ‘இல்லை’ என்று மூன்று கட்டம் போட்டுத்தான் எண்ணுகிறேன்.

அதே இடம், அதே கிழமை, அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பிரசாரம் தொடங்கும் முன் ஒருமுறை எண்ணிவிடுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1987இல் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் பேர்தான் சைக்கிள் ஹெல்மெட் போட்டார்கள்; 1992இல் அது சுமார் 40 சதவீதம். தொடக்கத்திலேயே சாலையில் நின்று எண்ணி வைத்ததால்தான் இதை அவர்களால் சொல்ல முடிந்தது.

கேள்வி: சாலை மரணம் போன வருடம் 9, இந்த வருடம் 5. கொண்டாடலாமா?

நாலு உயிர் மிஞ்சியது என்று சந்தோஷப்படுங்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கூட்டமைப்பால்தான் குறைந்தது என்று இப்போதே சொல்லாதீர்கள். இவ்வளவு சிறிய எண்கள் யாரும் எதுவும் செய்யாமலே 6, 12 என்று ஆடும். அதோடு, மோசமான ஒரு வருடத்தைப் பார்த்துப் பதறித்தானே பெரும்பாலும் கூட்டமைப்பு தொடங்குகிறோம்? அதற்கடுத்த வருடம் பெரும்பாலும் தானாகவே வழக்கமான அளவுக்கு இறங்கும். முந்தைய ஐந்து வருடக் கணக்கை எடுங்கள், மரணத்தோடு பலத்த காயங்களையும் சேருங்கள். இந்த வேலை நடக்காத, உங்களைப் போன்ற இன்னொரு ஊரோடு ஒப்பிடுங்கள். நார்வேயின் ஹார்ஸ்டாட் நகரில் அப்படித்தான் அதே நாட்டின் டிரோன்ட்ஹைம் நகரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

கேள்வி: நாங்கள் தொடங்கிய பிறகு மருத்துவமனைப் பதிவில் காயங்கள் கூடிவிட்டன. மனசே விட்டுப்போச்சு.

விட்டுவிடாதீர்கள். நீங்கள் வந்த பிறகு எல்லோரும் ஒழுங்காகப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கலாம். சிராய்ப்பு மாதிரிச் சின்னக் காயங்களைத் தள்ளிவைத்துவிட்டு, எலும்பு முறிவையும் உள்நோயாளியாகச் சேர்த்தவர்களையும் மட்டும் எண்ணிப் பாருங்கள். எலும்பு முறிந்தவர் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுவார் என்பதால் அந்த எண் அவ்வளவாக ஏமாற்றாது. அதுவும் ஏறினால் உண்மையாகவே கவலைப்பட வேண்டும்.

கேள்வி: எங்கள் திட்டம் முழுக்க விழிப்புணர்வுதான். போதுமா?

போதாது. காயத் தடுப்பு ஆய்வில் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் சொன்ன கட்டத்தை ஒரு தாளில் போடுங்கள். விபத்துக்கு முன், விபத்தின்போது, பின் என்று மூன்று வரிசை. ஆள், வண்டி அல்லது பொருள், சுற்றுப்புறம் என்று நெடுவரிசைகள். உங்கள் வேலைகளை அதில் எழுதினால் ‘முன், ஆள்’ என்ற ஒரே கட்டம் நிரம்பி மற்றவை காலியாக நிற்கும். வேகத்தடை, நடைபாதை, கிணற்றுக்குச் சுற்றுச்சுவர், முதலுதவி எல்லாம் அந்தக் காலிக் கட்டங்களில்தான் இருக்கின்றன.

கேள்வி: காயக் கணக்கு சரி. கூட்டமைப்பே நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இதை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டதற்கு நன்றி. ஸ்வீடனின் ஃபால்ஷோப்பிங்கில் 1970களின் இறுதியில் தொடங்கிய திட்டம் காயங்களை நன்றாகவே குறைத்தது. பல துறைகளை இணைத்து வைத்திருந்த ஏற்பாடு பின்னர் கலைந்தது, காயங்கள் மறுபடி ஏறின. அதனால் கூட்டமைப்பின் உயிரையும் அளக்க வேண்டும்.

போன கூட்டத்தின் தீர்மானங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் தேதியும் இருக்கிறதா, எத்தனை முடிந்தன? ஒருங்கிணைப்பாளர் நாளை மாற்றலாகிப் போனால் அடுத்த கூட்டத்தை யார் கூட்டுவார்கள்? வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள், அதிகாரிகளின் கையெழுத்து நிறைய இருக்கும். விழுந்து இடுப்பு முறிந்த பாட்டியின் மகளோ, அடிக்கடி விபத்து நடக்கும் திருப்பத்தில் தினமும் ஆட்டோ ஓட்டுகிறவரோ அதில் இருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.

கேள்வி: கையில் பணமே இல்லை. ஒன்றே ஒன்று அளக்கலாம் என்றால் எதை?

உங்கள் ஊரில் அதிகம் பேரைப் படுக்க வைக்கும் ஒரு காயத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தடுக்கும் ஒரு செயல் நடக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் நின்று எண்ணுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் சரி. முதல் எண்ணிக்கையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.