எனக்குப் பசிக்கிறது: எழுவாய் எங்கே?

ஐயா,

ஐஸ்லாந்தின் அக்குரேரியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மாலையில் ஐஸ்லாந்து மொழி வகுப்புக்குப் போகிறேன். நாலு வேற்றுமை, மூன்று பால், ஒருமை பன்மைக்குத் தனித்தனி விகுதி. எனக்கு இந்த வேற்றுமை பிடிபடவே மாட்டேன் என்கிறது. உலகத்திலேயே கடினமான மொழி இதுதான் என்கிறார்கள். ஆனால் நம் தனித்தமிழ்க்காரர்கள் ஆசைப்பட்ட மாதிரி கலப்பில்லாமல் வைத்திருக்கிறார்கள், அது பிடித்திருக்கிறது. அட்டவணையை முதலில் மனப்பாடம் செய்வதா, பேசத் தொடங்கிவிடுவதா? நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பகல் முழுக்க அடுப்படி, மாலையில் இலக்கணம். அந்த உழைப்புக்கு ஒரு வணக்கம். பாராட்டு அவ்வளவுதான், இனி திட்டு.

உலகத்திலேயே கடினமான மொழி என்ற பேச்சை விடுங்கள். எல்லா ஊரிலும் தங்கள் மொழியைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வார்கள், நாம் உட்பட. தனித்தமிழ் ஒப்பீடும் வேண்டாம். அதைத் தொட்டால் இன்று வேறு வேலை நடக்காது.

"எனக்கு இந்த வேற்றுமை பிடிபடவே மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்த வரியின் முதல் சொல்லைப் பாருங்கள், தம்பி. நான்காம் வேற்றுமை. வேற்றுமை தெரியாது என்று புலம்புவதற்கே ஒரு வேற்றுமையைப் பிசகாமல் போட்டிருக்கிறீர்கள். அதுவும் ஐஸ்லாந்து மொழியில் மற்றவர்கள் திணறுகிற இடத்தில் வரும் அதே வேற்றுமை.

எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியர் எழுவாய், பயனிலை நடத்தினார். "எனக்குப் பசிக்கிறது என்பதில் எழுவாய் எது ஐயா?" என்று கேட்டேன். பசி என்றார். பசி என்று ஒரு சொல் அதில் தனியாக இல்லையே என்றேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பெஞ்சு மேல் நின்றேன். எழுவாய் யாராக இருந்தாலும் பசித்தது எனக்குத்தான்.

அந்தக் கேள்வியைப் பல வருடம் கழித்து ரெய்க்யவிக்கில் ஒரு பொது நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் மறுபடி சந்தித்தேன். கழுத்துவரை வெந்நீர், தலைக்கு மேலே பனிக்காற்று. வெளியே ஏற மனமில்லாமல், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் "யெக் எர் கல்துர்" என்றேன். யெக் என்றால் நான், கல்துர் என்றால் குளிர்ந்த. அவர் இரண்டு விரலால் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாகத்தானே இருக்கிறது என்றார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "மியெர் எர் கல்த்." நான் சொன்னது தொட்டால் சில்லென்று இருக்கும் ஒரு பொருளின் வாக்கியம். குளிரை உணர்கிற மனிதன் அங்கே 'எனக்கு' என்றுதான் தொடங்க வேண்டும்.

எனக்குக் குளிர்கிறது. மியெர் எர் கல்த். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நம் வினை 'கிறது' என்று அஃறிணை ஒருமையில் முடிகிறது. அவர்களுடைய 'கல்த்' அலிப்பால் ஒருமை, அதாவது ஆண்பாலும் இல்லாத பெண்பாலும் இல்லாத மூன்றாவது பால். பத்துப் பேருக்குக் குளிர்ந்தாலும் நாம் "எங்களுக்குக் குளிர்கிறது" என்போம், வினை அசையாது. அவர்களும் "ஒக்குர் எர் கல்த்" என்பார்கள், அந்த 'எர்' என்ற வினை பன்மைக்கு மாறாது. வயிறு வலித்தால் மியெர், அலுத்துப் போனால் மியெர், எனக்குப் படுகிறது என்பதற்கும் மியெர்தான்.

சரி, அந்த 'எனக்கு' எழுவாயா இல்லையா? எழுவாய் என்றால் முதல் வேற்றுமை என்பது நம் மரபு, அந்தக் கணக்கில் என் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐஸ்லாந்து மொழியை ஆராய்ந்தவர்கள் 1970களிலிருந்தே இந்த வழக்கை நடத்தினார்கள். ஹொஸ்குல்துர் த்ராயின்சொன் அவர்களில் முக்கியமானவர். அவரும் வேறு இரண்டு மொழியியலாளர்களும் சேர்ந்து 1985இல் எழுதிய கட்டுரை அந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் வைத்த சோதனைகளில் ஒன்று நமக்கு அப்படியே புரியும். "ஹென்னி திகிர் ப்ரோதிர் சின் லேதின்லெகுர்": அவளுக்குத் தன் சகோதரன் அலுப்பானவனாகத் தெரிகிறான். 'சின்' என்பது நம் 'தன்'. அது பொதுவாக எழுவாயைத்தான் சுட்டும். இங்கே சுட்டுவது யாரை? நான்காம் வேற்றுமையில் நிற்கும் 'அவளுக்கு' என்பவளை. அதனால் எழுவாய் அவள்தான் என்றார்கள். "குமாருக்குத் தன் அம்மாவைப் பிடிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள், தமிழும் அதே சாட்சியைச் சொல்லும். ஜெர்மனிலும் 'எனக்குக் குளிர்' உண்டு. அங்கே அதை எழுவாய் என்று ஏற்க ஆய்வாளர்கள் பொதுவாகத் தயங்குகிறார்கள்.

உங்களுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பாடம் ஆங்கிலத்தில், குறிப்பு ஆங்கிலத்தில். "ஐ ஆம் கோல்ட்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அதை மாற்றப் பார்க்கிறீர்கள். கையில் இருக்கும் எனக்குவைக் கழற்றி, நான் ஆக்கி, மறுபடி எனக்கு ஆக்குகிறீர்கள். எதற்கு இந்தக் காதைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை? ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'மீதிங்க்ஸ்', அதாவது 'எனக்குத் தோன்றுகிறது', என்று இருந்தது, தொலைத்துவிட்டார்கள். தொலைத்தவர்களிடம் போய் வழி கேட்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்குள் போனால் "ஈ ஸ்கோலன்", பள்ளிக்கூடத்தில் இருந்தால் "ஈ ஸ்கோலனும்". போவது வேறு, இருப்பது வேறு என்று தமிழ்க் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஒரு எச்சரிக்கை. 'ஆசைப்படுகிறேன்' என்பதற்கு அங்கே "மிக் லவுங்கர்", அதாவது 'என்னை' என்ற இரண்டாம் வேற்றுமை. பேச்சில் பலர் அதை மியெர் ஆக்கிவிடுவார்கள். அதற்கு 'நான்காம் வேற்றுமை நோய்' என்றே பெயர் வைத்து, பள்ளியில் பிள்ளைகளைத் திருத்துகிறார்கள். அந்த நோய் உங்களுக்கு முதல் வாரத்திலேயே வரும். வரட்டும், உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்துதானே இருமுகிறீர்கள்.

நீங்கள் கேட்டது அட்டவணையா பேச்சா என்று. இரண்டும்தான். அங்கே பிள்ளைகள் "ஹ்யெர் எர் ஹெஸ்துர், உம் ஹெஸ்த், ஃப்ராவ் ஹெஸ்தி, தில் ஹெஸ்த்ஸ்" என்று ராகம் போட்டுச் சொல்வார்கள்: இதோ குதிரை, குதிரையைப் பற்றி, குதிரையிடமிருந்து, குதிரைக்கு. நாம் 'ஐ, ஆல், கு' சொன்ன மாதிரிதான். ஆனால் நமக்கு எல்லாப் பெயருக்கும் ஒரே 'கு'. அவர்களுக்கு ஒவ்வொரு வகைப் பெயருக்கும் வேறு வேறு விகுதி. 'போக்', அதாவது புத்தகம், முதல் மூன்று வேற்றுமையிலும் அசையாமல் கல் மாதிரி நிற்கும். சந்தேகம் வந்தால் ஐஸ்லாந்து மொழியை ஆராயும் அவுர்ணி மாக்னுஸ்ஸொன் நிறுவனத்தின் இணையத் தளத்தில் சொல்லைப் போடுங்கள், எல்லா உருவமும் வரும். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் இணையப் பாடம் இலவசம்.

பால் பற்றி நீங்கள் புலம்பவே இல்லை, அதுதான் ஆச்சரியம். நாற்காலி ஆண், புத்தகம் பெண், மேசை அலி. கவிஞரும் அலிப்பால்தான், இங்கே சிலரிடம் அதைச் சொன்னேன், ரசிக்கவில்லை. பெயரடையும் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறும். அங்கே தமிழ் உதவாது, உருப்போடத்தான் வேண்டும். அந்தப் பாடம் வந்ததும் எழுதுங்கள், அப்போது திட்ட மாட்டேன்.