கோச் ஆக வேண்டுமென்றால் முதலில் ஆளைத் தேடுங்கள்

கரூரிலிருந்து ஓர் அம்மா போன வாரம் பேசினார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். மாவட்ட அணிக்கு ஆடிய பையன். முழங்காலில் அடிபட்டு ஆட்டம் நின்றுபோனது. இப்போது காலையில் கிரவுண்டுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். ஃபுட்பால் கோச் ஆகப்போகிறேன் என்கிறான். தாய்மாமனோ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசிவிட்டார், பாதிப் பணம் தானே தருவதாகவும் சொல்லிவிட்டார். "அண்ணன் முகத்துல முழிக்கவே முடியல சார்" என்று அழுதார்.

அன்று ஆறுதல் சொன்னேன். இன்று நேராகவே சொல்கிறேன் அம்மா, அந்த சீட் வேண்டாம். மீதிப் பாதிக்கு உங்கள் நகைதான் அடகுக்குப் போகும். பிடிக்காத படிப்பில் பையன் அரியர் வைத்தால் அந்த வட்டியை மாமா கட்டமாட்டார். உங்கள் மகன் கேட்கும் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் கோர்ஸுக்கும் லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள். போட்டி நடத்துவதும் விளம்பரம் பிடிப்பதும் வேறு தொழில். பதினோரு பேரைப் பழக்குவது வேறு தொழில்.

ஜோஸே மொரின்யோவின் கதையை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். போர்ச்சுகல்காரர், உலகப் புகழ்பெற்ற ஃபுட்பால் கோச். அவருடைய அம்மாவும் அவரை ஒரு வணிகக் கல்லூரியில்தான் சேர்த்தார். முதல் நாளே விட்டுவிட்டு விளையாட்டு அறிவியல் படிக்கப் போனார் அவர். பிறகு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. 1992-இல் இங்கிலாந்துக்காரரான பாபி ராப்சன் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணிக்கு கோச்சாக வந்தபோது, அவர் பேசுவதை ஆட்டக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. மொரின்யோ உள்ளே நுழைந்தது அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான்.

கோச் சொல்வதை மொழிபெயர்க்க வேண்டுமென்றால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்தாக வேண்டும் இல்லையா? பிறகு போர்ட்டோ, பார்சிலோனா அணிகளுக்கும் ராப்சன் அவரைக் கூடவே அழைத்துப் போனார். எதிரணியைப் பார்த்து மொரின்யோ எழுதிக்கொடுத்த அறிக்கைகளை அவர் நம்பினார். ராப்சனின் மனம் தாக்குதல் ஆட்டத்தில். தடுப்பாட்டத்தைச் சீடன் கவனித்துக்கொண்டார். பிறகு பார்சிலோனாவுக்கு கோச்சாக வந்த லூயி வான் ஹால் முற்றிலும் வேறு சுபாவம், எதையும் நுணுக்கமாகத் திட்டமிடுகிறவர். 2000-இல் கேட்டலோனியா கோப்பைக்கு அணியை மொரின்யோ கையிலேயே விட்டார் அவர். 2004-இல் போர்ட்டோவுக்கு ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வென்று தந்த மொரின்யோ, இரண்டு குருக்களில் யாருடைய நகலாகவும் இல்லை. ஒருவரிடம் இல்லாததை இன்னொருவரிடம் பார்த்து, நடுவில் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்.

இன்னொரு பெரிய கோச்சான பெப் கார்டியோலாவும் அப்படித்தான். பார்சிலோனாவில் கோச் யோஹான் க்ரைஃபின் கீழ் வளர்ந்து பெரிய ஆட்டக்காரராகப் பேரெடுத்தவர், 2006-இல் மெக்சிகோவின் குலியாகானில் இருந்த டோராடோஸ் என்ற சிறிய அணிக்குப் போனார். அங்கே கோச்சாக இருந்த ஹுவான்மா லில்லோவிடம் கற்பதற்காகவே போனார். கோப்பை குவித்தவர் இல்லை லில்லோ. 2020-இல் அதே லில்லோவை, தான் கோச்சாக இருந்த இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணியில் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார் சிஷ்யன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சரி, கரூருக்கு வருவோம். பக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் கல்லூரியிலோ தம்பி ஒரு பட்டம் படிக்கட்டும். அப்புறம் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் முடித்தால் பள்ளி வேலைக்கு வழி இருக்கும். விளையாட்டுச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். இந்திய கால்பந்து சம்மேளனம் கோச்சுகளுக்குத் தரும் டி லைசென்ஸ் சில நாள் பயிற்சிதான், அதையும் எடுக்கலாம். ஆனால் அவன் உண்மையில் கற்கப்போவது ஒரு நல்ல கோச்சின் பக்கத்தில் நின்றுதான்.

அந்த ஆளை எப்படித் தேடுவது? மூன்று நான்கு கிரவுண்டுகளுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தோற்ற மேட்ச்சுக்குப் பிறகு அந்த கோச் பிள்ளைகளிடம் என்ன பேசுகிறார்? பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனின் பேர் அவருக்குத் தெரியுமா? "இந்த டிரில் எதுக்கு சார்?" என்று கேட்டால் விளக்குகிறாரா, எரிந்து விழுகிறாரா? பிடித்த ஆள் கிடைத்தால் தம்பி வெறுங்கையோடு போகக் கூடாது. அவர்கள் அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்தைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போகட்டும்: எந்தப் பக்கமாகத் தாக்குகிறார்கள், கார்னரில் யாரை விட்டுவிடுகிறார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் யார் மூச்சு வாங்குகிறார்கள். சேர்த்துக்கொண்டால் கோன் அடுக்குவதில் ஆரம்பிக்கட்டும். தினமும் ஒரு நோட்டில் கோச் என்ன செய்தார் என்றும், தானாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்றும் எழுதட்டும். இந்த இரண்டாவது வரி முக்கியம். அவனுடைய சொந்தப் பார்வை அங்கேதான் முளைக்கும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். சம்பளம் இல்லாமல் ஒரு வருடம் போதும். அதற்குள் போக்குவரத்துச் செலவாவது தர வேண்டும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணி ஒன்றையாவது அவன் பொறுப்பில் விட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். முதல் சில வருடங்கள் வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது என்பதை மாமாவிடம் மறைக்கவும் வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு மேட்ச் பார்த்து அந்த ஒரு பக்கத்தை எழுதட்டும். எழுதியதை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவனிடமே பேசுகிறேன்.