யார் கேட்கிறார்கள் என்று கேட்டவருக்கு

"எங்கள் ஊரில் சமுதாய வானொலி தொடங்கியிருக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் நிகழ்ச்சி செய்ய ஆள் தேடுகிறார்கள். அகில இந்திய வானொலியும் தனியார் பண்பலைகளும் இருக்கும்போது இதன் நோக்கம்தான் என்ன? இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி வரி என்னைச் சுட்டுவிட்டது. காவிரி டெல்டாவில் ஒரு சிறிய நிலையத்தில் ஆறு ஆண்டுகள் நிகழ்ச்சி செய்தவள் நான். என் மாமியார் முதல் நிலையத்துக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி வரை எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி அது. உங்களையும் யாரோ அழைத்திருக்கிறார்கள், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

சட்டப்படி நோக்கத்தைச் சொல்ல நாலு வரி போதும். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் நிலையத்தைத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. லாப நோக்கம் கூடாது, பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும். அலையாகப் பரவும் சக்தி பொதுவாக 100 வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் குரல்.

அந்தப் பத்துக் கிலோமீட்டரை நான் ஆரம்பத்தில் குறையாகத்தான் நினைத்தேன்.

பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி ஒரு தொடர் செய்துகொண்டிருந்தேன். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன், திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவால் எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சு பரவியிருந்த காலம். ஒரு நாள் மாப்பிள்ளைச் சம்பாவின் வயது 120 நாள் என்று, யாரோ கொடுத்த குறிப்பைப் பார்த்து அப்படியே வாசித்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நிலையத்து வாசலில் ஒரு தாத்தா நின்றார். நான்கு கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார்.

"நேற்று மாப்பிள்ளைச் சம்பா பேசியது நீதானா அம்மா?"

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரவில்லை. "அது 160 நாள் நிற்கிற பயிர். உன் பேச்சை நம்பி ஒருவன் பின்பட்டத்தில் விதைத்தால், கதிர் வெளியே வராமல் தொண்டைக்கதிரில் நிற்கும்போது தை மாதம் மேட்டூரை மூடிவிடுவார்கள். தண்ணீருக்கு அவன் எங்கே போவான்? உன் வீட்டுக்கு வருவானா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களே வந்து சொல்லுங்கள் தாத்தா" என்று ஒலிப்பதிவு அறைக்குள் அழைத்துப்போனேன். தோள் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு சிறு பொட்டலங்களை எடுத்தார். இரண்டிலும் நெல். "இங்கே எதையும் காட்ட முடியாது தாத்தா, வானொலி இது" என்றேன். "காட்டவா சொன்னேன்?" என்றவர் என் சாப்பாட்டு டப்பாவின் மூடியை வாங்கி மைக்குக்குக் கீழே வைத்தார். ஒரு பொட்டலத்தை மெதுவாகக் கொட்டினார். கணகணவென்று மணி விழுந்தது. இன்னொன்றைக் கொட்டினார். சருகு உதிர்வதுபோல ஓசை, அவ்வளவுதான். "இதில் எது விதைநெல், எது பதர் என்று கேட்கிறவர்கள் சொல்லட்டும்" என்றார்.

அன்று மாலை ஒலிபரப்பினோம். முதலில் என் தவற்றை நானே சொல்லித் திருத்தினேன். பிறகு அவர் பேச்சு, வெட்டாமல் நாற்பது நிமிடம். மறுநாள் நடவுக்குப் போகும் பெண்கள் ஏழு பேர், போகிற வழியில் நிலையத்துக்குள் நுழைந்து விடை சொல்லிவிட்டுப் போனார்கள். உங்கள் "யார் கேட்கிறார்கள்" என்பதற்கு என் பதில் அந்த ஏழு பேரும் அந்தத் தாத்தாவும்தான். தவறாகப் பேசினால் நடந்து வந்து சட்டையைப் பிடிக்க முடிகிற தூரத்தில் நிலையம் இருக்க வேண்டும், வந்தவரை மைக் முன்னால் உட்கார வைக்கிற மனம் அங்கே இருக்க வேண்டும். நான் கண்ட மதிப்பு இதுதான். டெல்லியிலோ சென்னையிலோ இருந்து பேசுகிறவரிடம் யார் நடந்து போவது?

எல்லா நிலையங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. காலை முதல் இரவு வரை சினிமாப் பாட்டு போடுகிறவை உண்டு, நடத்தும் நிறுவனத்தின் விளம்பரப் பலகையாகவே நின்றுவிட்டவை உண்டு. அதைச் சொல்லி என்னை மடக்க நினைப்பவர்கள் தெலங்கானாவில் மச்னூர் கிராமத்துச் சங்கம் வானொலியைப் பார்க்கட்டும். 2008 முதல் தலித் பெண்கள் நடத்துகிறார்கள். அங்கே மைக் பிடிப்பவரும் கேட்பவரும் ஒரே வயலில் வேலை செய்தவர்கள்.

எங்களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். வானிலை, தண்ணீர், மின்தடை பற்றிய தகவல்களுக்குத் தடையில்லை. ஆனால் எங்கள் தெருவில் நடந்ததைச் செய்தியாக நாங்கள் சொல்லக் கூடாது. இந்த விதியை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் ஊருக்கு இரவு ஏழரைக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மூன்று முறை மனுக் கொடுத்தோம், கூட்டம் இல்லை என்றார்கள். டவுனில் துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் வேலைக்குப் போன பெண்கள் கூட்டம் இல்லையா? இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள், தெரியும். மாலை நிகழ்ச்சியை நான் விட்டதற்கும் அந்தப் பஸ்தான் காரணம். சம்பளம் இல்லாததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை.

ஆகவே போங்கள். போவதற்கு முன் நிலையத்தாரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஊர்க்காரர் ஒருவர் கோபமாக வந்தால் உள்ளே விடுவீர்களா, வாசலிலேயே அனுப்பிவிடுவீர்களா? தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

ஒலிபரப்பிய பதிவுகளை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. நெல் விழுந்த அந்த இரண்டு ஓசைகளை மட்டும் நான் அழிக்க விடவில்லை. எங்கள் பக்கம் வந்தால் போட்டுக் காட்டுகிறேன், எது பதர் என்று நீங்களும் சொல்லுங்கள்.