உரிமம் டெல்லி கொடுத்ததா, கடையை யார் மூடுவது?

கேள்வி: எங்கள் தெருமுனை ஷவர்மா கடையில் பச்சை முட்டையை அடித்துச் செய்த மயோனைஸ்தான் தருகிறார்கள். கேட்டால், "எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அது சென்ட்ரல் கவர்மென்ட் கொடுத்தது, ஸ்டேட் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் கடைக்காரர். உண்மையா? - வாசகி, சேலம்

பதில்: கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க எண்ணை ஒரு தடவை பாருங்கள். 100 என்று தொடங்கினால்தான் அது மத்திய உரிமம். 124 என்றால் தமிழ்நாட்டு அலுவலர் கொடுத்த உரிமம். 224 என்றால் சிறு வணிகருக்கான வெறும் பதிவு. தெருமுனைக் கடையில் 100-ஐப் பார்ப்பது அபூர்வம்.

சட்டம் மத்திய அரசுடையதுதான்: 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். எந்த உணவில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதை டெல்லியில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.தான் வகுக்கும். ஆனால் அதே சட்டத்தின் 30-ஆவது பிரிவு, பொதுச் சுகாதாரத்தைக் காரணம் காட்டி ஒரு உணவின் தயாரிப்பையும் விற்பனையையும் மாநிலம் முழுக்கவோ ஒரு பகுதியிலோ தடைசெய்ய மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு அறிவிப்பு ஓராண்டுக்கு மேல் செல்லாது. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது இப்படித்தான். முட்டை சேராத மயோனைஸுக்கு அது பொருந்தவில்லை.

அந்த ஓராண்டு வரம்பு சும்மா எழுதப்பட்டதல்ல. குட்கா தடையை 2013 முதல் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார்கள். தற்காலிக அதிகாரத்தை வைத்து நிரந்தரத் தடை போட முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதிகாரம் உண்டு, எல்லையும் உண்டு.

கேள்வி: ஒரு கடையைப் பற்றிப் புகார் கொடுத்ததும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து உணவு மாதிரி எடுத்துப் போனார். மறுநாளும் கடை ஜோராக நடக்கிறது. வாங்கிக்கொண்டு விட்டுவிட்டாரோ? - வாசகர், திருநெல்வேலி

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அலுவலர் மாதிரியைச் சும்மா அள்ளிப் போக முடியாது. விலை கொடுத்து வாங்கி, நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சீல் வைக்க வேண்டும். ஒரு பங்கு அதைச் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். அறிக்கை தர அவருக்கு 14 நாள் கெடு. அறிக்கை பாதகமாக வந்தால் கடைக்காரர் மேல்முறையீடு செய்யலாம்.

சுத்தக் குறைவு போன்ற விஷயத்தில் முதலில் திருத்திக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் வரும். அதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம். திருத்தாவிட்டால் உரிமம் நிறுத்திவைப்பு, அப்புறம் ரத்து. மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து உரிமத்தை உடனே நிறுத்திவைக்கலாம். கெட்டுப்போன கறியைக் கண்ணால் பார்த்தும் 14 நாள் நோட்டீஸோடு விட்டிருந்தால், ஏன் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நியாயமான கேள்விதான் அது.

கேள்வி: நானே பரிசோதனைக்குக் கொடுக்கலாமா? அபராதத்தில் எனக்குப் பங்கு உண்டா? - வாசகர், கோவை

பதில்: கொடுக்கலாம், 40-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. வாங்கும்போதே "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாதி சாப்பிட்ட பொட்டலத்தை மூன்று நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு போனால் எடுபடாது. விதிமீறல் நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அபராதத்தில் உங்களுக்குக் காசு வராது, அது அரசுக்கு. உடல் பாதிக்கப்பட்டிருந்தால் 65-ஆவது பிரிவு இழப்பீட்டுக்கு இடம் தருகிறது. பெரும்பாலானவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே சுலபம் என்பேன்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில், மருத்துவர் சீட்டு, பொட்டலத்தின் தொகுதி (பேட்ச்) எண் தெரியும் படம் மூன்றும் இருக்கட்டும். பில் கேட்டால் முறைக்கிற கடையில் ஜிபே, போன்பே வழியாகப் பணம் அனுப்புங்கள். வாங்கிய நாளுக்கும் நேரத்துக்கும் அதுவே சான்று.