பேட்ஜ் எண்றாங்க, கணக்கு வரல – பாலக்கோடு டீச்சருக்கு

டீச்சர், ஆப்ல பேட்ஜ் குடுக்க ஆரம்பிச்சதும் மூணாங்கிளாஸ் பசங்க ஸ்டார மட்டும் எண்றாங்க, கழித்தல் மறந்துடுதுன்னு கேட்டீங்க. வேகமா முடிச்சதுக்கு பேட்ஜ் வேணாங்க, 'கடன் வாங்கிக் கழிப்பேன்' மாதிரி ஒரு திறனுக்கு ஒண்ணு வைங்க. 52ல 27 போனா 35னு சொல்ற புள்ள 7லேர்ந்து 2ஐ கழிச்சிருக்கும், அதுக்கு பத்துக் குச்சிக்கட்டப் பிரிச்சுக் காட்டி, ஒரு வாரம் விட்டு வேற கணக்கு கேட்டு, அப்பவும் சரியா வந்தா குடுங்க. அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல பசங்கள நிலை பிரிக்கிற அரும்பு, மொட்டு, மலர் பேர மட்டும் பேட்ஜுக்கு வைக்காதீங்க, அரும்புலயே நிக்கிற புள்ள சுருங்கிப்போயிடும். வரைஞ்சா பரிசுன்னு முன்னாடியே சொன்ன குழந்தைங்க அப்புறம் தானா வரையறதே குறைஞ்சுதுன்னு 1973லயே அமெரிக்காவுல ஆராய்ச்சி இருக்கு, அதனால முன்கூட்டி ஆசை காட்டாதீங்க. நம்ம பக்கம் நிறைய அப்பாங்க போனோட பெங்களூர்ல வேலைக்குப் போயிடுவாங்க, அந்தப் புள்ளைங்களுக்கு நோட்டுலயும் அதே பேட்ஜ ஒட்டிடுங்க.